அவமானத்துக்கு அஞ்சி ஆதாரத்தைப் புதைக்காதீர்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போதைப் பொருள் தீயது என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. அதை நம் மேடைகள் ஆயிரம் முறை சொல்லிவிட்டன. இன்று நான் பேச வந்தது யாரும் பேசத் தயங்கும் செய்தி. போதையிலிருந்து மீட்பதற்காக நாம் பணம் கட்டி ஒரு மையத்தில் சேர்த்த பிள்ளை, அங்கிருந்து பிணமாகத் திரும்பி வந்தால் என்ன செய்வது? யாரிடம் கேட்பது? கேட்க நமக்கு உரிமை உண்டா?

சில காலத்துக்கு முன் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். நாற்பது ஆண்டுகளாகக் கடை நடத்துபவர். அவருடைய மகனுக்கு வயது 23. நண்பர்களோடு சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் விழுந்துவிட்டான். ஊருக்குத் தெரியாமல் வெளி மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார். மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினார். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் தொலைபேசி வந்தது. "பையனுக்கு ஹார்ட் அட்டாக், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்கள்.

சென்றார். ஒரு மருத்துவர் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்தார். லுஹர் தொழுகைக்குப் பின் ஜனாஸா. அஸருக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் கேட்டவர்களுக்கு "வெளியூரில் வேலை பார்த்த இடத்தில் மாரடைப்பு" என்று சொன்னார்.

ஏழு மாதம் கழித்து, அதே மையத்தில் இருந்து வெளியே வந்த ஓர் இளைஞன் அவர் கடைக்கு வந்தான். "பாய், உங்கள் மகன் அன்று இரவு கூச்சல் போட்டான். இரண்டு ஊசி போட்டார்கள். பிறகு ஒரு மாதிரி குறட்டை விட்டுக்கொண்டே கிடந்தான். யாரும் வந்து பார்க்கவில்லை" என்றான்.

அந்தத் தந்தை என்னிடம் கேட்டார்: "இப்போது நான் என்ன செய்ய முடியும்?"

பிரேதப் பரிசோதனை இல்லை. காவல் நிலையத்தில் புகார் இல்லை. மருந்துக் குறிப்பு இல்லை. கேமராப் பதிவு அழிந்து மாதங்கள் ஆகிவிட்டன. சகோதரர்களே! அவருக்கு நம்பிக்கையூட்டும் பதில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இயலாமைதான் இன்று என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

எப்படி நிகழ்கிறது இந்த மரணம்?

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, அபின் வகைப் போதைப் பொருட்களால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் ஏறக்குறைய 77 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. ஹெராயின், பிரவுன் சுகர், சில வலி மாத்திரைகள் எல்லாம் இந்த வகையில் சேர்ந்தவை. எனவே இது ஏதோ ஒரு தெருவின், ஒரு சமுதாயத்தின் பிரச்சினை அல்ல.

இந்த வகைப் பொருளை ஒருவன் தொடர்ந்து எடுக்கும்போது உடல் அதற்குப் பழகிவிடுகிறது. நேற்று ஒன்று போதும் என்றவனுக்கு நாளை நான்கு தேவைப்படுகிறது. மையத்தில் சேர்த்து பத்து நாள் நிறுத்திவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. ஆனால் ஆசை இறங்குவதில்லை. பழைய நினைவில் பழைய அளவையே எடுத்தால் அதே அளவு அவனைக் கொன்றுவிடும். மையத்துக்குள் யாராவது கடத்திக்கொண்டு வந்து கொடுத்தாலும் இதுதான் கதி. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

இரண்டாவது வழி, மருந்தே விஷமாவது. சேர்க்கும்போது அவன் உடம்பில் என்ன இருக்கிறது என்று சோதிக்காமல், கத்துகிறான் என்பதற்காகத் தூக்க ஊசியும் அமைதிப்படுத்தும் மாத்திரையும் அளவு மீறிக் கொடுப்பது. அபின் வகைப் பொருளோ மதுவோ இரத்தத்தில் இருக்கும்போது அதன்மேல் இவையும் சேர்ந்தால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கிப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவன் நன்றாகத் தூங்குவது போலத் தெரியும்.

அடையாளங்கள் இவை: தட்டி எழுப்பினாலும் எழமாட்டான், குறட்டை போலத் திணறும் மூச்சு, உதடும் நகமும் நீலம் பாய்வது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது. அபின் வகைப் பொருளால் இந்த நிலை வந்திருந்தால் அதற்கு முறிமருந்து உண்டு. அதன் பெயர் நலோக்சோன். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பது. உரிய நேரத்தில் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும்.

அப்படியானால் கேள்வி இதுதான்: இரவில் அங்கே விழித்திருந்தது யார்? அவருக்கு இந்த அடையாளங்கள் தெரியுமா? அலமாரியில் அந்த மருந்து இருந்ததா? ஆம்புலன்ஸை எத்தனை மணிக்கு அழைத்தார்கள்?

"அவனே தின்று செத்தான்" என்பார்கள்

நீங்கள் கேள்வி கேட்டதும் வரும் முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும். "உங்கள் பையன் போதைக்காரன். அவனே எடுத்துக்கொண்டான். நாங்கள் என்ன செய்வது?"

அன்பர்களே! நகையை அடகுக் கடையில் வைத்துவிட்டு வருகிறோம். திருட்டுப் போனால், "ஊரில் திருடர்கள் இருக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்று கடைக்காரர் சொல்லலாமா? திருடர்கள் இருப்பதால்தானே பெட்டகம்! அவனால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியவில்லை என்பதற்காகத்தானே கட்டணம் கொடுத்து உங்களிடம் ஒப்படைத்தோம்! அவனுடைய பலவீனம் உங்களுக்குத் தெரியும். அதைக் காப்பதுதான் நீங்கள் ஏற்றுக்கொண்ட வேலை. அந்த வேலையில் தவறிவிட்டு அதே பலவீனத்தைக் காரணம் காட்டுவது நியாயம் ஆகாது.

இரண்டாவதாக, சேரும்போது கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டுவார்கள். "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அதில் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். சிகிச்சைக்கு ஒப்புதல் என்பது வேறு. கவனக்குறைவுக்கு ஒப்புதல் என்பது வேறு. நம்முடைய ஒரு கையெழுத்தால் அவர்களுடைய கடமை கரைந்துபோவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப் பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற விளக்கத்துக்குள் அந்தச் சட்டம் கொண்டுவருகிறது. அத்தகையோரை வைத்துச் சிகிச்சை தரும் நிலையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது. கொடுமையிலிருந்து பாதுகாப்புப் பெறவும், மருத்துவக் குறிப்புகளைப் பெறவும், குறைகளைப் புகார் செய்யவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

சங்கிலி என்றதும் உங்களுக்கு ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், தர்காவை நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்கள் உட்பட 28 உயிர்கள் பலியாயின. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2007இல் காப்பகத்தை நடத்தியவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. கவனியுங்கள்! அங்கே மாண்டதும் குடும்பத்தார் வெட்கப்பட்டு எங்கோ தூரத்தில் விட்டுவந்த மனிதர்கள்தான். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில்தான் அநியாயம் குடியேறுகிறது.

இழப்பீடு எங்கே கேட்பது? மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல், நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில், அந்த இலவச நோயாளிக்கும் இந்த உரிமை உண்டு என்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறந்தவரின் வாரிசுகள் புகார் தரலாம். மையம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம்.

இரண்டாம் வாசல், சிவில் நீதிமன்றம். ஆங்கிலேயர் காலத்து 1855ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிறருடைய தவறால் ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக இழப்பீடு கோரலாம். முற்றிலும் இலவசமாக நடக்கும் மையம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நின்றாலும் இந்த வாசல் மூடுவதில்லை.

மூன்றாம் வாசல், அரசு நடத்தும் இடமாக இருந்தால் உயர் நீதிமன்றம். 1988இல் ஒரிசாவைச் சேர்ந்த நீலபதி பெஹரா என்ற தாய், காவலில் இருந்த மகனின் மரணத்துக்காக உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன நீதிமன்றம், வாழும் உரிமை பறிக்கப்படும்போது அரசு தன் இறையாண்மைப் பாதுகாப்பைக் காட்டித் தப்ப முடியாது என்றது.

எந்த வாசலில் நின்றாலும் நிரூபிக்க வேண்டியவை நான்கு. காக்கும் கடமை அவர்களுக்கு இருந்தது. அந்தக் கடமையில் தவறினார்கள். அந்தத் தவறால்தான் மரணம் வந்தது. அதனால் நமக்கு இழப்பு ஏற்பட்டது. இவற்றில் மூன்றாவதுதான் கடினம். அதற்குத்தான் பிரேதப் பரிசோதனை வேண்டும். ஆனால் சுமை முழுவதும் நம் தலைமேல் இல்லை. 2004இல் சவிதா கார்க் வழக்கில், தன்னிடம் சேர்த்த நோயாளிக்கு உரிய கவனம் கொடுத்ததை மருத்துவமனைதான் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

மருந்தின் அளவு மீறியது பற்றியும் ஒரு பெரிய தீர்ப்பு உண்டு. 1998இல் அனுராதா சாஹா என்ற பெண்மணி தோல் நோய்க்காகக் கொல்கத்தாவில் சிகிச்சை பெற்றார். ஒரு ஸ்டீராய்டு மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள். அவர் இறந்தார். கணவர் டாக்டர் குணால் சாஹா விடவில்லை. பதினைந்து ஆண்டுகள் போராடினார். 2013இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 6 கோடி ரூபாயும் வட்டியும் வழங்க உத்தரவிட்டது. அவரே மருத்துவர், அவரிடம் ஆவணங்கள் இருந்தன. எல்லாருக்கும் அந்தத் தொகை வந்துவிடாது. ஆனால் ஆவணம் பேசியது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நியாயமாகவும் பேசுவோம். மரணம் நேர்ந்துவிட்டது என்பதாலேயே மையம் குற்றவாளி ஆகிவிடாது. நேர்மையாகப் பாடுபடும் மருத்துவர்களும் ஊழியர்களும் இருக்கிறார்கள். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவரைக் குற்ற வழக்கில் தண்டிக்க மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இழப்பீட்டு வழக்குக்கு அந்த அளவு தேவையில்லை. எனவே குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் இழப்பீட்டு வழக்கு தோற்றுவிட்டதாகப் பொருள் இல்லை. கண்ணாடியை உடைப்பதும் ஊழியரை அடிப்பதும் நம் வழக்கைத்தான் உடைக்கும். இளைஞர்களே, இதை நினைவில் வையுங்கள்!

முதல் மூன்று நாட்கள்

துக்கச் செய்தி வந்த அந்த நேரத்தில் தந்தைக்கும் தாய்க்கும் புத்தி வேலை செய்யாது. உடன் செல்பவர்தான் இதைச் செய்ய வேண்டும். எனவே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: மையம் தரும் சீட்டை வாங்கிக்கொண்டு ஜனாஸாவை ஏற்றிவிடாதீர்கள். மையம் இருக்கும் எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின் கீழ் சந்தேக மரண விசாரணை நடக்க வேண்டும்.

இரண்டு: அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். மருந்தோ போதைப் பொருளோ அளவு மீறியிருக்கலாம் என்ற சந்தேகத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். அப்போதுதான் இரத்தமும் உள்ளுறுப்பு மாதிரிகளும் எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த இரசாயன அறிக்கைதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

மூன்று: சேர்க்கைப் படிவம், மருந்து அட்டவணை, செவிலியர் குறிப்பு, இரவுப் பணிப் பதிவேடு, பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மருத்துவக் குறிப்பைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே கடிதத்தில் எழுதுங்கள். புதிய பதிவு பழையதை அழித்துவிடும். காத்திருக்காதீர்கள்.

நான்கு: அவனோடு அறையில் இருந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். கட்டண ரசீது, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

ஐந்து: வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "புகார் ஏதும் இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆறு: காலக்கெடு. நுகர்வோர் புகாருக்கும், மரண விபத்துகள் சட்டத்தின் கீழான வழக்குக்கும் இரண்டு ஆண்டுகள்தான். பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று இழுத்துக்கொண்டே போனால் வாசல் மூடிவிடும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்ற கவலையா? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இறந்தவனின் தாயும் மனைவியும் அந்த வாசலுக்குப் போகலாம். தொலைபேசி எண் 15100.

வியாபாரிகளுக்குத் தனியாக ஒன்று. நம் கடையில் உட்காரும் மகனுக்கு நாம் சம்பளம் எழுதுவதில்லை. "வீட்டுப் பிள்ளைக்கு எதற்குக் கணக்கு?" என்போம். நாளை நீதிமன்றம், "அவன் வருமானம் என்ன?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்காது. அவனை நம்பியிருந்த மனைவிக்கும் குழந்தைக்கும் கிடைக்க வேண்டிய தொகை அதனால் குறைந்துபோகும். கணக்கில் பெயர் இருக்கட்டும், வங்கி வழியே சம்பளம் போகட்டும்.

ஜமாஅத்தின் கடமை

இனி நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அந்தப் பெரியவர் ஏன் அவசர அவசரமாக அடக்கம் செய்தார்? மய்யித்தைத் தாமதிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அறுக்கக் கூடாது என்ற எண்ணம் மற்றொரு காரணம். ஆனால் உண்மையான காரணம் வேறு. "போதைக்காரனின் வாப்பா" என்று மஹல்லா பேசுமே என்ற பயம்! நம் நாக்குக்குப் பயந்துதான் அவர் தன் மகனுக்கான நீதியை மகனோடு சேர்த்துப் புதைத்தார்.

பிரேதப் பரிசோதனை பற்றித் தயங்குவோருக்கு ஒரு செய்தி. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில், குற்ற வழக்கில் மரணத்தின் காரணத்தை அறிய வேறு வழியில்லாதபோது பிரேதப் பரிசோதனைக்கு அனுமதி உண்டு என்று முடிவு செய்தது. உங்கள் ஊர் ஆலிம்களிடம் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அடக்கம் செய்த பிறகும் நடுவர் உத்தரவால் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நாள் ஆக ஆக உடல் சாட்சி சொல்லும் சக்தியை இழக்கிறது. பின்னால் கப்ரைத் தோண்டுவதைவிட முன்னால் ஒரு நாள் பொறுப்பது மேல் அல்லவா?

ஜமாஅத் நிர்வாகிகளே! மையக்காரர் உங்களுக்குத் தெரிந்தவர், நம் சமுதாயத்தவர் என்பதற்காக நடுவில் உட்கார்ந்து சில லட்சத்துக்கு முடித்துக் கையெழுத்து வாங்கித் தராதீர்கள். இறந்தவனின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? மறுவாழ்வு மையங்களுக்கு நன்கொடை தரும் செல்வந்தர்களே! பதிவு இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா, இரவில் செவிலியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பெற்றோர்களே! சேர்ப்பதற்கு முன்பே இதே கேள்விகளைக் கேளுங்கள். மகனை நேரில் பார்க்க அனுமதிக்காத இடத்தில் விட்டுவராதீர்கள். போலீஸுக்குப் பயந்து ஒளிக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்காக வைத்திருந்ததாகவோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 64-ஏ பிரிவில் இடம் வைத்திருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு அரசின் இலவச எண் 14446.

அந்தப் பெரியவர் இழப்பீட்டுப் பணத்துக்காக என்னிடம் வரவில்லை. விடைபெறும்போது அவர் சொன்னது இதுதான்: "அந்த அறையில் இப்போதும் யாரோ ஒருவருடைய பிள்ளை படுத்திருக்கிறான்."

ஒரு வழக்கு போடுவது போனவனைத் திருப்பித் தராது. ஆனால் ஒரு தீர்ப்பு வந்தால், அந்த அலமாரியில் முறிமருந்து வந்து சேரும். இரவில் ஒரு செவிலியர் விழித்திருப்பார். கூச்சல் போடுகிறவனுக்கு ஊசி போடுமுன் ஒரு கை தயங்கும். அந்தத் தயக்கத்தில் ஒரு பிள்ளை பிழைப்பான், இன்ஷா அல்லாஹ்.

சகோதரர்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும், இந்தத் துயரத்தை யாருக்கும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பம் உங்கள் தெருவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்கள் கதவைத் தட்டுங்கள். காரணம் விசாரிக்காதீர்கள். "நாங்கள் கூட இருக்கிறோம், எழுந்து கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.